குருணை சைஸ் நத்தைக்கு ஒரு கிலோ உப்பா?

எல்லாத்துக்கும் காரணம் ஒரு ஃபார்வர்டு மெசேஜ்.

"எச்சரிக்கை! மழைக்குப் பிறகு உங்கள் வீட்டுச் சுவரில் ஊர்வது ஆப்பிரிக்க நத்தைக் குஞ்சுகள்! உடனே உப்பு தூவி அழிக்கவும்! பத்து பேருக்குப் பகிரவும்!"

அதுக்குக் கீழ தீ, மண்டையோடு, கைகூப்புற பொம்மை. (கைகூப்புறது யாருக்குன்னு தெரியல. நத்தைக்கா?)

எங்க சித்தப்பா பகிர்றதோட நிக்கிற ஆள் இல்ல. செயல்வீரர். ஐப்பசி மழை விட்ட காலைல, உச்சிப்புளி வீட்டுச் சுவரோரமா ஒரு கிலோ கல்லுப்பைத் தூவி முடிச்சுட்டுத்தான் டீயே குடிச்சாரு. வாலிநோக்கத்துல உப்பளம் இருக்கிற மாவட்டம். உப்புக்கு யாரு கணக்குப் பாக்குறா?

நான் எந்திரிச்சு வந்து பாக்கும்போது சண்டை முடிஞ்சிருச்சு. செத்துக் கிடந்ததெல்லாம் குருணை அரிசி அளவு. பழுப்பு நிறம். ஒரு பக்கம் கூம்பு, இன்னொரு பக்கம் குட்டியா ஒரு வாய், வாயைச் சுத்தி வெள்ளையா ஒரு விளிம்பு.

"சித்தப்பா, இது குஞ்சு இல்ல. கிழடு."

"என்னடா சொல்ற?"

"வளந்து முடிச்சிருச்சு. இதுக்கு மேல இது வளராது."

"நீ அந்த நத்தையைப் பாத்ததில்ல. உள்ளங்கை நெறைய இருக்கும்."

பாத்திருக்கேன். உள்ளங்கை நெறையத்தான் இருக்கும். ஆனா அது வேற வீட்டுப் பிள்ளை.

சரி, உங்ககிட்டயாவது ஒழுங்கா சொல்லிடறேன். சித்தப்பா இந்தப் பதிவைப் படிக்கமாட்டாரு (யூடியூப் மட்டும்தான்).

முதல்ல ஒரு கணக்கு. ஆப்பிரிக்க ராட்சச நத்தை இடுற முட்டையே சுமாரா 5 மில்லிமீட்டர் இருக்கும். முட்டையை விட்டு வர்ற குஞ்சும் கிட்டத்தட்ட அந்த அளவு. எங்க சுவரோரம் கிடந்தது 4 மில்லிமீட்டர் கூட தேறல. காஸ்ட்ரோகாப்டான்னு ஒரு நத்தைப் பேரினம் இருக்கு. அதுல பெரும்பாலானது முழுசா வளந்து, குடும்பம் நடத்துற வயசுலயே 2-ல இருந்து 3 மில்லிமீட்டர்தான். அதாவது ஆப்பிரிக்க நத்தையோட முட்டைக்குள்ள இது குடித்தனம் பண்ணலாம்.

முட்டையை விடச் சின்னதா குஞ்சு எப்படி இருக்கும்னு சித்தப்பாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு.

"வெயில்ல சுருங்கியிருக்கும்."

இதுக்கு மேல நான் என்ன பேச?

இன்னொரு அடையாளமும் இருக்கு. அளவுகோலே வேணாம், வாயைப் பாத்தா போதும். இந்தக் குட்டி நத்தைங்க ஒரு கட்டத்துக்கு மேல வளர்றதை நிறுத்திடும். நிறுத்தினதும் வாய் விளிம்பை தடிப்பாக்கி, வெளிப்பக்கமா மடிச்சு விட்டுடும். வீடு கட்டி முடிச்சாச்சு, இனிமே ரூம் எடுக்கறதா இல்லன்னு அர்த்தம். ஆப்பிரிக்க நத்தைக் குஞ்சுக்கு அந்த மடிப்பு இருக்காது. ரெண்டு மூணு சுத்துதான் இருக்கும், வாய் பெருசா, விளிம்பு மெல்லிசா, இன்னும் கட்டிக்கிட்டே இருக்கிற வீடு.

வாய்க்குள்ள பல்லு இருக்கான்னும் பாக்கலாம்.

ஆமா, பல்லு. கடிக்கிற பல்லு இல்ல (அது நாக்குல, கண்ணுக்குத் தெரியாத அளவுல ஆயிரக்கணக்குல இருக்கு, அது வேற கதை). ஓட்டோட வாசல்லயே, உள்பக்கமா சுண்ணாம்புத் துருத்தல்கள் நீட்டிக்கிட்டு இருக்கும். காஸ்ட்ரோகாப்டாவுக்கு அதுதான் முகவரி. வாசல் முழுக்க நாலஞ்சு பல்லு, அதுல மேல இருக்கிறது ரெண்டு பல்லு ஒட்டி ஒண்ணான மாதிரி பிளவா இருக்கும். நத்தை அந்த இடுக்கு வழியா பிதுங்கித்தான் வெளிய வரணும். சொந்த வீட்டுக்குப் போக வர இவ்வளவு கஷ்டம் எதுக்குன்னா, வண்டுப் புழு மாதிரி ஆளுங்க உள்ள தலையை விடக்கூடாதுங்கிறது ஒரு காரணம்னு சொல்றாங்க.

எங்க வீட்டு ஆளுக்குப் பல்லு இல்ல. பொக்கை. அந்த மாதிரி பொக்கை வாய், வெள்ளை விளிம்பு, பழுப்புக் கூம்புன்னா பூபாய்டிஸ்ங்கிற இன்னொரு பேரினத்தோட சாயல். அதுல நம்ம பக்கத்து ஆளு பூபாய்டிஸ் சினோபிக்டஸ். ஆப்பிரிக்காவுல இருந்து அரேபியா வழியா இந்தியா வரைக்கும் வறண்ட பூமி பூராவும் பரவிக் கிடக்கிறது.

(ஆப்பிரிக்காவுலயும் இருக்குங்கிறதை தயவுசெஞ்சு சித்தப்பாகிட்ட சொல்லிறாதீங்க.)

இப்ப நான் ரொம்ப ரசிச்ச விஷயத்துக்கு வர்றேன்.

தாமஸ் ஹட்டன்னு ஒரு கேப்டன். கம்பெனி காலத்து வங்காளப் படையில இருந்தவர். சிப்பாய்களைக் கவனிச்ச நேரம் போக மிச்ச நேரத்துல நத்தை பொறுக்கினாரு. 1834-ல இந்திய நில நத்தைகளைப் பத்தி கல்கத்தா ஆசியக் கழகத்தோட இதழ்ல எழுதினாரு. நான் மேல சொன்ன பூபாய்டிஸுக்கு அப்பத்தான் அவர் பேர் வெச்சாரு. உங்க வீட்டு ரோஜாத்தொட்டியைத் தூக்கினா அடியில வெள்ளையா, ஒல்லியா, ஊசியா ஒரு நத்தை இருக்கும் பாருங்க, அலோபியாஸ் கிராசிலி, அதுவும் அதே வருஷம் அவர் பேர் வெச்சதுதான். இன்னிக்கு உலகம் முழுக்க வெப்ப நாடுகள்ல பூந்தொட்டி ஏறிப் போயிருக்கு அது.

ஹட்டனுக்கு ஒரு சேக்காளி. வில்லியம் ஹென்றி பென்சன். கம்பெனி சிவில் அதிகாரி, இவரும் நத்தைப் பைத்தியம். 1849-ல ஒரு குட்டி நத்தைக்கு சேக்காளி பேரையே வெச்சுட்டாரு: இப்ப அதோட பேரு காஸ்ட்ரோகாப்டா ஹட்டோனியானா. நட்புன்னா இதுதான்யா.

ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1847-ல, இதே பென்சன் மொரீஷியஸ்ல இருந்து ஆசையா சில நத்தைகளைக் கொண்டாந்தாரு. கல்கத்தாவுல ஒரு தோட்டத்துல விட்டாச்சு.

அதுதான் ஆப்பிரிக்க ராட்சச நத்தை.

சத்தியமா. இந்தியாவுக்குள்ள அது நுழைஞ்ச கதையே அங்கதான் ஆரம்பம். குட்டி நத்தையைப் பாத்துப் பாத்துப் பேர் வெச்ச அதே ஆளு, இன்னிக்கு வாழைத்தோட்டம், பப்பாளி, காய்கறின்னு ஒண்ணு விடாம மேயுற அதைக் கூட்டிட்டு வந்து விட்டுட்டாரு. நூத்தி எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, பென்சன் விட்ட நத்தைக்குப் பதிலா பென்சன் பேர் வெச்ச நத்தையோட சொந்தக்காரங்க எங்க வீட்டுச் சுவர்ல உப்பு தின்னுட்டு சாகுதுங்க.

(இந்த நத்தைக்காரங்க எல்லாருமே கொஞ்சம் வினோதமானவங்கதான். நம்ம நாட்டு நத்தைகளைப் பத்தி தடி தடியா எழுதின காட்வின்-ஆஸ்டின் யாருன்னு நினைக்கிறீங்க? கே-2 மலைப் பக்கம் பனியாத்துல நடந்து நிலம் அளந்தவர். உலகத்தோட ரெண்டாவது பெரிய மலைக்குக் கொஞ்ச காலம் அவர் பேரும் ஓடுச்சு. அம்மாம்பெரிய மலையைப் பாத்துட்டு வந்து லென்ஸுக்குள்ள குனிஞ்சுட்டாரு.)

உப்பு சம்பவத்துக்கு அப்பறம் எனக்கு வீம்பு வந்துருச்சு. பல்லு வெச்ச காஸ்ட்ரோகாப்டா நம்ம பக்கம் கிடைக்குமான்னு தேட ஆரம்பிச்சேன்.

எங்க தேடுறது? இந்தச் சின்ன நத்தைங்க சுண்ணாம்பு எங்க இருக்கோ அங்க இருக்கும். ஓடு கட்ட கால்சியம் வேணுமே. அந்த வகையில நம்ம ஊரு கொடுத்து வெச்ச ஊரு. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மணல்ல பாதி கிளிஞ்சலும் பவளத்தூளும்தான். பழைய பவளக்கல் சுவர் ஒண்ணு இடிஞ்சு கிடந்தா அதுக்கு அடியில, பனை அடிமரத்துல உரிஞ்சு நிக்கிற மட்டைக்கு இடுக்குல, உடை மரத்துச் சருகுக்குள்ள.

மழை நேரத்துல தேடுனா உயிரோட ஊர்றதைப் பாக்கலாம். ஆனா ஈரச்சருகை சல்லடையில போட்டா எல்லாம் ஒட்டிக்கிட்டு களியாயிடுது. நான் அம்மாவோட மாவு சல்லடையை எடுத்துட்டுப் போயி... சரி வேணாம், அந்தப் பேச்சு இன்னும் வீட்ல முடியல.

அப்பறம் நத்தை ஆராய்ச்சிக்காரங்க பண்ற முறையைப் படிச்சேன். சருகையும் மேல்மண்ணையும் அள்ளிட்டு வந்து நல்லா காய வைக்கணும். காஞ்சதைச் சலிச்சு, ஒரு வாளித் தண்ணியில மெதுவா கொட்டணும். மண்ணு அடியில போயிரும். காலி ஓட்டுக்குள்ள காத்து மாட்டிக்கிட்டு இருக்கும்ல, அதெல்லாம் மேல மிதக்கும். டீ வடிகட்டியால அள்ளி வெள்ளைத் தட்டுல தட்டிட வேண்டியதுதான்.

மொதல் தடவை மிதந்து வந்ததைப் பாத்தப்ப நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு மதினி ஓடி வந்துட்டாங்க. பாம்புன்னு நினைச்சிருக்காங்க. தட்டைக் காட்டினேன்.

"இதுக்கா?"

இதுக்குத்தான்.

சாமணத்தால எடுத்தா நொறுங்கிடும். விரல்ல ஒட்டி எடுத்தா எங்கயாவது நகத்துக்குள்ள போயிரும். பிள்ளைங்க ஓவியம் போடற மெல்லிசு பிரஷ்ஷைத் தண்ணியில தொட்டு, நுனியால தொட்டா வந்து ஒட்டிக்குது. போன் கேமராவுல மாட்ற மலிவான லென்ஸ் ஒண்ணு போதும், வாய் விளிம்பு பளிச்சுன்னு தெரியும். லென்ஸை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, மூச்சை விடாம (மூச்சு விட்டா நத்தை பறந்துடும், விளையாட்டுக்குச் சொல்லல) படம் எடுக்கணும்.

இதுவரைக்கும் கிடைச்சது: பொக்கை வாய்க்காரங்க ஏகப்பட்டது, ரோஜாத்தொட்டி ஊசி நத்தை ஏகப்பட்டது, கடல்ல இருந்து காத்து அடிச்சுக் கொண்டாந்த குட்டிக் குட்டிக் கடல் ஓடு கொள்ளை. பல்லு வெச்ச காஸ்ட்ரோகாப்டா? ம்ஹும். கேட்டா எங்க மதினிக்கு எல்லாமே கடல் சிப்பிதான்.

இதுதான் நம்ம ஊர் வியாதி. ஓடுன்னா கடல்.

ராமேஸ்வரத்துல கோயிலைச் சுத்தி கடை கடையா சங்கு, சோழி, ஐவிரல் சங்கு, சிப்பியில செஞ்ச மயில். கீழக்கரையில சங்குக் குளிக்கு எத்தனை தலைமுறை கதை இருக்கு. எட்கர் தர்ஸ்டன் 1895-ல ராமேஸ்வரம் தீவைப் பத்தியும் மன்னார் வளைகுடா உயிரினங்களைப் பத்தியும் புத்தகம் போட்டாரு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1940-கள்ல இருந்து மண்டபத்துல இருக்கு, 21 தீவு சேர்த்து கடல் தேசியப் பூங்காவே இருக்கு. எல்லாம் சரி, எல்லாம் பெருமைதான். ஆனா எல்லாரும் கடலைப் பாத்தே நிக்கிறோம். முதுகுப் பக்கம் சருகுக்குள்ள இருக்கிறவனை யாரும் திரும்பிப் பாக்கல. விக்க முடியாதுல்ல.

மதினி சொன்ன இன்னொண்ணு: "கடல்ல இருந்துதான் ஏறி வந்திருக்கும், மழைத்தண்ணியில."

இல்ல. இதைக் கடல்ல போட்டா செத்துடும். இதுக்குச் செவுள் கிடையாது. ஓட்டுக்குள்ளயே நுரையீரல் மாதிரி ஒரு அறை, அதுக்கு ஓரமா ஒரு ஓட்டை. அதைத் தொறந்து மூடி நம்மள மாதிரி காத்தைத்தான் இழுக்குது. பங்குனி, சித்திரை வெயில்ல வாயில கோழையைப் பூசிக் காய விட்டு, ஜவ்வு மாதிரி அடைச்சுட்டு, மாசக்கணக்குல அசையாம கிடக்கும். மழை விழுந்தா ஜவ்வு ஊறும், ஆளு எந்திரிப்பாரு. நாம என்னடான்னா மழை விட்ட மறுநாளே உப்போட நிக்கிறோம்.

அப்ப கடல்ல இருந்து வரலன்னா எப்படி வந்துச்சு?

இங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு. ராமநாதபுரம் கரையில கடல் மட்டத்துக்கு மேல ஏறி நிக்கிற செத்த பவளத்திட்டு இருக்கு, பாம்பன் பக்கம் போனா பாக்கலாம். 1972-ல ஸ்டாடர்ட்டும் கோபிநாத பிள்ளையும் அதைப் பத்தி எழுதினாங்க. அதுக்குச் சுமாரா 4,000 வயசுதான். அதாவது அந்த இடத்துல 4,000 வருஷத்துக்கு முன்னாடி மீன் நீந்திக்கிட்டு இருந்துச்சு. அப்ப அதுக்கு மேல இன்னிக்கு ஊர்ற நில நத்தை எதுவா இருந்தாலும், அதுக்கப்பறம் வேற எங்கிருந்தோ வந்து குடியேறினதுதான். நத்தை நடையில!

நடந்து வந்திருக்காது. காத்துல சருகோட பறந்திருக்கலாம், மாட்டு வண்டியில வைக்கோலோட வந்திருக்கலாம், வெள்ளத்துல மிதந்திருக்கலாம். இன்னொரு வழியும் இருக்கு, ஜப்பான்ல நிரூபிச்சது. ஹஹாஜிமாங்கிற தீவுல 2.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு நத்தையை வெள்ளைக்கண்ணிக் குருவிக்கும் கொண்டைக்குருவிக்கும் தின்னக் கொடுத்தாங்க. எச்சத்துல வெளிய வந்ததுல சுமாரா 15 சதவீதம் உயிரோட இருந்துச்சு. அதுல ஒண்ணு வந்த கையோட குட்டியும் போட்டுச்சு! குருவி வயித்துல பிரயாணம் பண்ணி, எறங்கின ஸ்டேஷன்லயே பிரசவம்.

சின்னதா இருக்கிறதோட லாபம் இது. பெரிய நத்தை குருவி தொண்டையிலயே மாட்டிக்கும்.

இந்த வகையில நிறைய நத்தைக்கு ஜோடி கூட கட்டாயம் இல்ல. ஆணும் பெண்ணும் ஒரே உடம்புல, தனியா வந்து எறங்கினாலும் வம்சம் ஓடும். வருஷா வருஷம் தனுஷ்கோடிக்கும் கோடியக்கரைக்கும் எத்தனை பறவை வந்து போகுது, யோசிச்சுப் பாருங்க.

இருந்தும் எல்லா ஊரையும் புடிச்சு வெக்க முடியாது போல. காஸ்ட்ரோகாப்டா ஒரு காலத்துல ஐரோப்பா முழுக்க இருந்திருக்கு. மயோசீன், பிளியோசீன் காலத்துப் படிவங்கள்ல, அதாவது 2.3 கோடி வருஷத்துக்கு முன்னாடி தொடங்கி 26 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வரைக்குமான மண்ணுல, ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியான்னு அதோட ஓடு கிடைக்குது. பல்லு எல்லாம் அப்படியே இருக்கு, எண்ணலாம். அப்பறம் பனிக்காலம் வந்துச்சு, அந்தப் பக்கம் ஆளைக் காணோம். காகசஸ் பக்கம் ஒரு இனம் மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. ஆனா அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவுல இன்னிக்கும் உயிரோட இருக்கு.

ஒரு யானை எலும்பு கிடைச்சா பத்திரிகையில போடுவாங்க. ஆனா மண்ணடுக்குல அப்ப மழை பெஞ்சுச்சா, புல்லா காடான்னு கேக்கணும்னா இந்தக் குட்டிங்களைத்தான் கேக்குறாங்க. ஒரு கைப்பிடி மண்ணுல நூத்துக்கணக்குல கிடைக்கும், ஒவ்வொரு இனத்துக்கும் எவ்வளவு ஈரம் வேணும்னு உயிரோட இருக்கிற சொந்தக்காரங்களைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம். எந்த அடுக்குல யாரு அதிகம்னு எண்ணினா வானிலை வந்துரும். சுண்ணாம்பு மண்ணா இருந்தா ஓடு கரையாம நிக்கும், புளிப்பு மண்ணுன்னா போச்சு. நம்ம பவள மணல் இந்த விஷயத்துல அருமையான பீரோ.

சின்னதுன்னு சொன்னேன்ல, காஸ்ட்ரோகாப்டா எல்லாம் இதுல பெரிய மனுஷன். 2015-ல சீனாவுல அங்குஸ்டோபிலா டோமினிகேன்னு 0.86 மில்லிமீட்டர்ல ஒண்ணைக் கண்டுபிடிச்சு, உலகத்துலயே குட்டி நத்தைன்னு ஊசிக்காதுக்குள்ள வெச்சு படம் எடுத்துப் போட்டாங்க. அதே வருஷம் போர்னியோவுல 0.7-ல ஒண்ணு வந்து பட்டத்தைப் பிடுங்கிக்கிச்சு. 2022-ல வியட்நாம் குகை மணல்ல இருந்து அங்குஸ்டோபிலா சாமியோன், 0.6 சொச்சம். அதுக்குள்ளயும் குடல், இதயம், நுரையீரல் எல்லாம் வெச்சுப் பூட்டியிருக்கு.

போன வாரம் ஒரு கூத்து. பொறுக்கின உயிர் நத்தைகளை ஈரச்சருகோட ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல விட்டு வெச்சிருந்தேன். ஊசி நத்தைங்க ஒவ்வொண்ணா காலி ஓடா மாறிக்கிட்டே வந்துச்சு. தண்ணி பத்தலையோன்னு தெளிச்சேன். சருகை மாத்தினேன். அப்பறம் ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா, கூட்டத்துல ஒல்லியா, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்த ஒருத்தன் பக்கத்து ஆளோட ஓட்டுக்குள்ள கழுத்து வரைக்கும் தலையை விட்டுட்டு இருக்கான்!

கறி தின்னி. லென்ஸ்ல பாத்தா அவனுக்கு வாசல்ல பல்லு வேற. ஹட்டோனெல்லா பைகலர்னு நினைக்கிறேன், ஓட்டு சைஸும் தொழிலும் ஒத்துப்போகுது. அதுக்கும் 1834-ல பேர் வெச்சது நம்ம ஹட்டன்தான். பின்னாடி வந்தவங்க அவர் பேரையே அதோட பேரினத்துக்கு வெச்சுட்டாங்க. ரோஜாத்தொட்டி நத்தையைத் தேடித் தேடித் தின்னும். பல்லு பல்லுன்னு நான் அலைஞ்சேன், வேற வம்சத்துப் பல்லுதான் வந்து மாட்டுச்சு. இப்ப அவனுக்குத் தனி பாட்டில்.

ஒண்ணு மட்டும் கண்டிஷனா சொல்லிடறேன். நிஜமான ஆப்பிரிக்க நத்தை உங்க தோட்டத்துல வந்துட்டா அலட்சியம் வேணாம். ஒரு தடவைக்கு நூத்துக்கு மேல முட்டை வெக்கும். எலிங்க நுரையீரல்ல இருக்கிற ஒரு புழுவை அது சுமக்கலாம், மனுஷனுக்கு வந்தா மூளை உறையைப் பதம் பாக்கும். வெறுங்கையில தொடாதீங்க, பிள்ளைங்களை விளையாட விடாதீங்க. கையுறை போட்டுப் பொறுக்குங்க. அப்பவும் மண்ணுல உப்பைக் கொட்டாதீங்க சாமி, ஏற்கனவே நம்ம கிணத்துத் தண்ணி இருக்கிற லட்சணத்துக்கு.

குட்டிங்களை விட்டுடுங்க. செத்த இலை, பூஞ்சை, பாசி, இதுதான் சாப்பாடு. உங்க கத்திரிக்காய்க்கு அது போட்டிக்கே வராது.

அப்பறம், போன பதிவுல நண்டைப் பத்தி எழுதினப்பவே ரெண்டு பேர் கேட்டீங்க, அதனால இப்பவே சொல்லிடறேன்: இதைச் சாப்பிட முடியாது. வயல் நத்தையில குழம்பு வெக்கிற ஊரு இருக்கு, சரி. ஆனா இதுல கறியை எடுக்க ஊசி வேணும், ஊசி நுனியைப் பாக்க லென்ஸ் வேணும், ஒரு கரண்டி தேத்தறதுக்குள்ள அடுத்த மழைக்காலம் வந்துடும். அதுக்கு பாம்பன் போயி கால் கிலோ சூடை வாங்கிட்டு வந்துடலாம்.